அக்கானி வாசம்: குமரி மாவட்டத்தில் நான்கு நாள்

முதல் நாள்: 2021 மார்ச் 25, வியாழன்

போன வருடம் இதே தேதியில்தான் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. அன்று எங்கள் தோட்டத்தில் பன்னீர்த் திராட்சை பழுத்துப் பந்தல் நிறையத் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பழம் பறிக்கும் வாரத்தை நாங்கள் கல்யாண வாரம் போலப் பார்ப்போம். அந்த வாரம் லாரி வரவில்லை. குமுளி வழியாகக் கேரளத்துக்குப் போகும் பாதை அடைபட்டது. பன்னீர்ப் பழத்தின் தோல் மெல்லியது. கொடியில் விட்டால் வெடிக்கும், பறித்து வைத்தால் இரண்டு நாளில் தண்ணீர் விடும். ஒரு டிராக்டர் பழத்தை மாடுகளுக்குக் கொட்டினேன். மாடுகள்கூடப் பாதிக்கு மேல் தின்னவில்லை.

அந்த வருத்தம் ஆறாமல்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன். திராட்சை விளையும் ஊர்களுக்குப் போய்த் தோட்டம் பார்த்து, சாறு பிழிவதைப் பார்த்து, ஒயின் சுவைத்துத் திரும்புகிறவர்கள் உலகமெங்கும் உண்டு. திராட்சைக்காரனான எனக்கு அப்படி ஒரு பயணம் போகும் ஆசை வந்தபோது மனத்தில் வந்த இடம் குமரி மாவட்டத்துப் பனைவிளைகள். பனங்கள்ளை வெள்ளைக்காரர்கள் பனை ஒயின் என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் பழமாவது இரண்டு நாள் தாங்கும். மரத்திலிருந்து சொட்டும் சாறு சில மணி நேரத்தில் குணம் மாறிவிடும். பாதை அடைபட்ட காலத்தில் அதை இறக்குகிறவர்கள் என்ன செய்தார்கள்? கல்லூரித் தோழனிடம் தொலைபேசியில் இதைக் கேட்டேன். "என் தாய்மாமாவே பனையேறிதான். வந்து அவரிடமே கேள்" என்றான்.

கம்பத்தில் அதிகாலை 4 மணிக்கு பஸ் ஏறி, மதுரையில் மாறினேன். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வாங்கும் காலம் போன செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் தொற்று மறுபடியும் ஏறுகிறது என்று தினமும் செய்தி வருகிறது. முகக்கவசம் போடாவிட்டால் 200 ரூபாய் அபராதம். பஸ்ஸில் பாதிப் பேருக்கு அது தாடையில் இருந்தது. நான் ஜன்னலைத் திறந்து வைத்து, மூக்கை மூடியே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் அம்மாவுக்கு 70 வயது. போகிற இடத்திலும் வயதானவர்கள் இருக்கிறார்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்தபோது முப்பந்தல் காற்றாலைகள் பெரும்பாலும் அசையாமல் நின்றன. பங்குனியில் அங்கே காற்று இல்லை. வைகாசியில் பிடிக்கும் என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். கணவாய் தாண்டியதும் மண்ணும் மரமும் மாறுகின்றன. தோவாளையில் பூ வாசம், அப்புறம் வயல், தென்னை, குளம், குளக்கரையில் வரிசையாகப் பனை. சுவரெல்லாம் தேர்தல் விளம்பரம். சட்டமன்றத் தேர்தலோடு சேர்த்து இங்கே நாடாளுமன்றத்துக்கும் ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. கொரோனா தொற்றி போன ஆகஸ்டில் இறந்துபோன எச். வசந்தகுமாரின் இடத்துக்கான இடைத்தேர்தல் அது. அவர் பெயர் எழுதியிருந்த ஒரு பழைய சுவரின் மீது புதுச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்.

நாகர்கோவில் வடசேரியில் இறங்கி, கருங்கல் ஊருக்குப் போகும் பஸ் பிடித்து, அங்கிருந்து தோழனின் மோட்டார் சைக்கிளில் கடற்கரை நோக்கித் தெற்கே போனோம். இருட்டும் நேரத்தில் வீடு சேர்ந்தோம். வாசலிலேயே வாளியில் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார்கள். மரச்சீனி என்னும் மரவள்ளிக் கிழங்கும் சாளை மீன் கறியும் சாப்பாடு. மாமா அதிகம் பேசவில்லை. "மக்களே, காலையில் 5 மணிக்கு எழும்பு. வெயில் ஏறினால் அக்கானி ருசிக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். பதநீருக்கு இங்கே அக்கானி என்று பெயர். 'மக்களே' என்பது 'மகனே' என்பது போல.

இரண்டாம் நாள்: மார்ச் 26, வெள்ளி

எழுத நிறைய இருக்கிறது. கை வலித்தாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

விளை என்றால் இந்தப் பக்கம் மேட்டுத் தோட்டம். செம்மண். மாமாவின் விளையில் பனையும் தென்னையும் கலந்து நிற்கின்றன, கீழே மரச்சீனி. அவருக்கு வயது 61. இளவயதில் நாளுக்கு 40 பனை ஏறியவர், இப்போது 15. காலையில் ஏறி, கலயத்தில் சேர்ந்த சாற்றைக் குடுவைக்கு மாற்றி, பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, சீவ வேண்டும். மாலையில் ஏறி மறுபடியும் சீவ வேண்டும். ஆக, 15 பனை என்றால் நாளுக்கு 30 முறை ஏறி இறங்குவது.

முருக்குத்தடி என்னும் கவைக்கம்பை மரத்தில் சாய்த்து, அதன் கவையில் கால் வைத்து முதல் ஆள் உயரத்தைக் கடந்தார். அப்புறம் இரண்டு பாதங்களையும் திளாப்பு என்னும் கயிற்று வளையத்துக்குள் நுழைத்து, மரத்தை நெஞ்சோடு அணைத்து, கை முன்னே, கால் பின்னே என்று ஏறினார். இடுப்பில் அரிவாள்பெட்டி தட்டும் சத்தம் மட்டும் கீழே கேட்டது. முகக்கவசத்தைக் கழற்றி முருக்குத்தடியின் கவையில் மாட்டிவிட்டுப் போயிருந்தார். மேலே போனவரின் தலை ஓலைகளுக்குள் மறைந்தது. பனி இன்னும் விலகவில்லை; கடல் இரைச்சல் தெளிவாகக் கேட்டது.

ஏறத் தெரியாத எனக்காக, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே பாளை விட்டிருந்த குட்டைப் பனை ஒன்றில் ஏணி சாய்த்துக் காட்டினார். ஆண்பனையின் பாளை விரல்கள் போல நீண்டு கிளைக்கும். அவற்றைக் கடிப்பு என்னும் இடுக்கியால் மெல்ல நசுக்கி இளக்கி, ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, நுனியைச் சீவியிருக்கிறார். சீவிய முகத்தில் வியர்வை போல நீர் துளிர்த்து, உருண்டு, கலயத்துக்குள் விழுந்தது. அடுத்த துளி வர நான் மூன்று மூச்சு எண்ணினேன். அரிவாளை அவர் வைத்து இழுத்தபோது விழுந்த சீவல் ஓலையின் கனம்தான் இருக்கும். அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். மறுபக்கத்து விரல் நிழலாகத் தெரிந்தது.

"கூடுதலாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துவிடும். சீவாமல் ஒரு நாள் விட்டால் அடைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பாளை நமக்கில்லை" என்றார்.

கவாத்துக் கத்தியோடு வளர்ந்தவன் நான். கொடியில் எந்தக் கண்ணில் வெட்டினால் எத்தனை குலை வரும் என்று பார்த்துப் பழகிய கை இது. ஆனால் நான் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை செய்யும் முடிவை இவர் நாளுக்கு 30 முறை, தரையிலிருந்து அறுபது எழுபது அடி உயரத்தில், ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடி செய்கிறார்.

போன மார்ச்சில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்ய? மரத்துக்கு ஊரடங்கு தெரியாதே. நான் ஏறினேன்" என்றார். முதல் இரண்டு நாள் சாலையில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். அரிவாளும் குடுவையுமாக விடியற்காலையில் போகிற மனிதரை வேறு என்ன நினைப்பார்கள்? சில நாளிலேயே விவசாய வேலைக்குத் தடை இல்லை என்ற அறிவிப்பு வந்தது. ஏறுவதற்கு வழி கிடைத்தது, வாங்குவதற்கு ஆள் கிடைக்கவில்லை. வழக்கமாகக் காலை அக்கானியில் பாதியைச் சாலையோரத்திலேயே விற்றுவிடுவார்கள். பஸ்ஸும் பள்ளிக்கூடமும் நின்றுபோன சாலையில் யார் நின்று குடிப்பது?

அடுத்த ஏற்றத்துக்கு முன்பு ஒரு காலிக் கலயத்தை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார். அதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விரலில் எடுத்த அளவு வெற்றிலைக்குப் பூசுவதைவிடச் சற்று அதிகம். வாய் விளிம்பிலிருந்து அடிவரை கலயத்தைச் சுழற்றிச் சுழற்றி ஒரு வெள்ளைப் பூச்சு. பாளையில் ஊறும் சாற்றில் சர்க்கரை இருக்கிறது. காற்றிலும் பூச்சிக் காலிலும் வரும் ஈஸ்ட் அதில் விழுந்தால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். பிழிந்து வைத்த திராட்சைச் சாறு நுரைப்பதும் இப்படித்தான். சுண்ணாம்பின் காரம் ஈஸ்டை வளர விடாது. குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கு வெந்து, கருப்பட்டியும் கறுத்துப்போகும். அளவுக்குக் கரண்டி எதுவும் இல்லை, விரல்தான்.

குடிக்கப் பட்டை பிடித்துக் கொடுத்தார். பனையோலையை மடித்து நுனியைக் கட்டினால் படகு போல ஒரு கிண்ணம். குடித்ததும் எறிந்துவிட்டு அடுத்தவருக்குப் புது ஓலை. கடைகளில் கண்ணாடி டம்ளரைத் தொடத் தயங்கும் இந்த நாளில், எச்சில் படாத இப்படி ஒரு பாத்திரத்தை இவர்கள் காலங்காலமாக வைத்திருக்கிறார்கள். அக்கானி குளிர்ந்திருந்தது. முதலில் இனிப்பு, பின்னால் சுண்ணாம்பின் மெல்லிய துவர்ப்பு, அதற்கும் பின்னால் பச்சை ஓலையின் வாசம். மூன்று பட்டை குடித்தேன். திராட்சைச் சாற்றில் உள்ள புளிப்பு இதில் துளியும் இல்லை. எங்கள் பழத்தைப் பற்றி நான் கொண்டிருந்த பெருமை கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

இனி மாமியைப் பற்றி.

வீட்டுக்குப் பின்னால் ஓலை வேய்ந்த விடிலி, அக்கானி காய்ச்சும் குடிசை. உள்ளே மண் அடுப்பு, அதன்மேல் வார்ப்பு என்னும் அகலமான பாத்திரம். விறகு பெரும்பாலும் காய்ந்த ஓலையும் மட்டையும்தான். மரமே தன் சாற்றைக் காய்ச்சத் தன் சருகைத் தருகிறது. இன்று 28 லிட்டர் அக்கானி. சுண்ணாம்பு அடியில் தங்கும்வரை தெளிய வைத்து, மேல் நீரைத் துணியில் வடிகட்டி, வார்ப்பில் ஊற்றினார்கள். கொதித்ததும் நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. மாமி பொடித்த ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை தூவினார்; நுரை அப்படியே அமுங்கியது. அப்புறம் இரண்டரை மணி நேரம் துடுப்பை விடவில்லை.

பதம் பார்ப்பதில்தான் கருப்பட்டியின் உயிர் இருக்கிறது. ஒரு நிமிடம் முந்தினால் கட்டி பிடிக்காது. கார்த்திகை மழையில் கசிந்து ஒழுகும். ஒரு நிமிடம் பிந்தினால் கருகல் கசப்பு ஏறிவிடும். முப்பது ஆண்டுகளாக மாமி அந்த நிமிடத்தை மூக்கால் பிடித்து வந்திருக்கிறார். பச்சை வாடை போய், வேகவைத்த பயறு போல ஒரு வாசம் வருமாம். அதுவும் போய், நெய் முறுகுவது போல ஒன்று எழும்பும். அது எழும்பியதும் வார்ப்பை இறக்க வேண்டும்.

போன ஆவணியில் மாமிக்குக் கொரோனா வந்தது. பத்து நாள் சிகிச்சை மையத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார். இருமலும் அசதியும் போய்விட்டன. வாசனை மட்டும் திரும்பவில்லை. "சாயாவும் மண்ணெண்ணெயும் எனக்கு ஒன்றுபோல இருந்தது. மீன் கெட்டதா நல்லதா என்று பிள்ளைகளைக் கேட்டேன்" என்றார். தை பிறந்து பாளை விட்டது, முதல் காய்ச்சலில் உட்கார்ந்தார். வழக்கமான இடத்தில் வாசம் வரும் என்று காத்திருந்தார். அது வரவே இல்லை. வார்ப்பு அடிபிடித்துப் புகை வந்த பிறகே தெரிந்தது. அந்த வாரம் முழுக்கக் கெட்டது. வாங்குகிற வியாபாரி திருப்பி அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லும்போது மாமியின் குரல் மாறவில்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது. ஒயின் சுவைத்துத் தரம் சொல்லுகிறவர்கள் இந்த நோயில் மூக்கு போனால் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சுவதைச் செய்தியில் படித்திருக்கிறேன். அடுப்படியில் உட்கார்ந்து மூக்கை நம்பி ஒரு குடும்பத்தை நடத்தும் பெண்களைப் பற்றி எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை.

மாமி அதோடு விட்டுவிடவில்லை. காதைப் பழக்கினார். தொடக்கத்தில் சளசளவென்று தண்ணீர்ச் சத்தம். பாகு முறுக முறுக குமிழ் பெரிதாகி, 'பொதுக், பொதுக்' என்று தனித்தனியாக வெடிக்கும். கடைசியில் இரண்டு வெடிப்புக்கு நடுவே இடைவெளி கூடும். அந்த இடைவெளியைக் கேட்டதும் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். இதற்கு மேல் இன்னொரு காவலும் இருக்கிறது. அவர் பேத்திக்கு 11 வயது. பள்ளிக்கூடம் பூட்டி ஓர் ஆண்டு ஆகிறது, கைப்பேசியில் வகுப்பு. வகுப்பு முடிந்ததும் விடிலிக்கு வந்து பாட்டியின் பக்கத்தில் உட்காருகிறாள். இன்று நானும் பக்கத்தில் இருந்தேன். முகக்கவசத்தை இறக்கி, கண்ணை மூடி, மூக்கை மட்டும் நீட்டி வைத்திருந்தாள்.

"பயறு வந்தது, பாட்டி."

கொஞ்ச நேரம் துடுப்புச் சத்தம்.

"இன்னும் பயறுதான்."

மாமி காதைச் சாய்த்துக் குமிழைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாட்டி, இறக்கு!"

இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். சிறுமியின் மூக்கும் பாட்டியின் காதும் ஒரே நிமிடத்தைப் பிடித்ததை நான் பார்த்தேன். இறக்கி வைத்த பாகைக் கிண்டி, தண்ணீரில் நனைத்த சிரட்டைகளில் ஊற்றினார்கள். 16 சிரட்டை. கடைசிச் சிரட்டை பாதிதான் நிறைந்தது, அது பேத்திக்கு.

போன வருடத்துக்கு வருகிறேன். குடிக்க ஆளில்லாத அக்கானி முழுவதையும் மாமி காய்ச்சினார். பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்க வார்ப்பு அடுப்பிலேயே இருந்திருக்கிறது. ஆன கருப்பட்டியை அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினார். கீழிருந்து புகையும் சூடும் படப்பட, ஈரம் அண்டாது. ஆனி, ஆடியில் ஊரெல்லாம் சுக்கும் மிளகும் தேடியபோது, அதில் போடக் கருப்பட்டியும் தேடினார்கள். வீட்டு வாசலுக்கே வந்து வாங்கிப் போனார்களாம்.

சில மணி நேரம்கூட நில்லாத சாற்றை ஒரு வருடம் நிற்க வைத்துவிட்டார்கள். இரண்டு நாள் நிற்கும் பழத்தை நாங்கள் மாட்டுக்குக் கொட்டினோம். எங்கள் ஊரில் திராட்சை வந்து இத்தனை தலைமுறை ஆகிறது; ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-ல் கொண்டுவந்தார் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. இத்தனை காலத்தில் பழத்தைக் காய்ச்சியோ உலர்த்தியோ வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வழக்கத்தை எங்கள் வீடுகள் ஏன் வளர்த்துக்கொள்ளவில்லை? லாரி எப்போதும் வரும் என்று நம்பிவிட்டோம்.

மூன்றாம் நாள்: மார்ச் 27, சனி

தோழனோடு மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளைவரை போய் வந்தேன். வழியெல்லாம் ரப்பர். மேற்கே போகப் போகப் பனை குறைகிறது. தோழனின் தாத்தா காலத்தில் பனை நின்ற இடங்களில் இன்று ரப்பரும் தென்னையும் வீடுகளும் நிற்கின்றன. வெட்டிய மரங்களில் பல செங்கல் சூளைக்குப் போயின. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது ரப்பரும் வாழையும் விழுந்த விளைகளில் பனை நின்றதாம். அதைப் பார்த்த பிறகாவது சிலர் வெட்டுவதை நிறுத்தியிருக்கிறார்கள். இன்னும் பலர் நிறுத்த வேண்டும்.

ரப்பர்த் தோட்டங்களுக்குள் தேன் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதில்லை. புதுத் தளிர் விடும் மாசி, பங்குனியில் இலைக்காம்பில் உள்ள சுரப்பியிலிருந்து வருகிறது. தேனீக்களுக்கு இப்போதுதான் அறுவடைக் காலம். ஒரு பாட்டில் வாங்கினேன்.

களியக்காவிளை எல்லையில் பத்து நிமிடம் நின்றேன். கேரளத்திலிருந்து வருபவர்களிடம் இ-பாஸ் கேட்டு, நெற்றியில் வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. இந்தப் பக்கம் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. இரு பக்கமும் ஒரே மண், ஒரே வேலை, ஏறுகிறவர்கள் உறவுக்காரர்களாகக்கூட இருப்பார்கள். கலயத்துக்குள் விரலால் தடவும் சுண்ணாம்புதான் இங்கே தொழிலுக்கும் வழக்குக்கும் நடுவே இருக்கும் எல்லை. ஊரடங்கு முழுதாக விலகும் முன்பே, போன மே மாதத்தில் அரசு மதுக்கடைகள் திறந்தன. அப்படிப்பட்ட மாநிலத்தில் மரத்தில் ஊறுவதற்கு மட்டும் தடை இருப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. மாலையில் இதை மாமாவிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கள் இறக்கினால் பணம் வரும், மக்களே. அந்தப் பணம் வீட்டுக்கு வருமா என்று மாமியிடம் கேள்" என்றார். கள் குடித்துச் சீரழிந்த தன் அண்ணனைப் பற்றி அப்புறம் நெடுநேரம் பேசினார். என் கருத்து மாறவில்லை. ஆனால் அவர் சொன்னதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை.

பனையேறுகிறவர்கள் எதையும் எளிதில் பெற்றவர்கள் இல்லை. திருவிதாங்கூர் ஆட்சியில் ஏணிக்கும், ஏறும்போது காலில் மாட்டும் தளைக்கும்கூட இவர்களிடம் வரி பிடுங்கினார்கள். அந்தக் கொடுமையைச் சமயச் சீர்திருத்தவாதியான சாமிதோப்பு வைகுண்டர் எதிர்த்துப் பேசியதை இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது ஒரு விவாதம். 60 வயது கடந்தவர்களுக்கு மார்ச் 1 முதல் தடுப்பூசி போடுகிறார்கள். மாமா இன்னும் போடவில்லை. பயம் காரணமில்லை. ஊசி போட்டால் காய்ச்சலோ கைவலியோ வரும். இரண்டு நாள் ஏறாவிட்டால் பாளைகள் அடைத்துப்போகும். மழை தொடங்கிச் சீசன் முடிந்ததும் போட்டுக்கொள்வாராம். அதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. நான் கொஞ்சம் குரல் உயர்த்தியே பேசிவிட்டேன். பாளை அடைத்தால் அடுத்த பாளை வரும், மாமா அடைத்துப்போனால் 15 பனைக்கு யார்? தோழன், பக்கத்து விளைக்காரரை இரண்டு நாள் ஏறச் சொல்லலாம் என்றான். "அவன் கை கனம். ஆழமாகச் சீவிவிடுவான்" என்றார் மாமா. கடைசியில் மாமி எழுந்து காலண்டரைச் சுவரிலிருந்து கழற்றி அவர் முன்னால் வைத்தார். ஈஸ்டருக்கு மறுநாளில் பேனாவால் வட்டம் போட்டார். மாமா அதை அடிக்கவில்லை.

நான்காம் நாள்: மார்ச் 28, ஞாயிறு

இன்று குருத்தோலை ஞாயிறு. பங்குனி உத்திரமும் இன்றுதான். விடியும் முன்பே ஒரு பக்கம் கோவில் ஒலிபெருக்கி, மறுபக்கம் தேவாலய மணி.

மாமா வழக்கம் போல ஏறி இறங்கிவிட்டு, வடலி என்னும் இளம்பனை ஒன்றில் குருத்து வெட்டிக் கொண்டுவந்தார். இளமஞ்சள் நிறம், ஈரம், கையில் வழுக்கும் மென்மை. பேத்தி அதைக் கிழித்துச் சிலுவைகள் பின்னினாள். நான்கு பின்னி, ஒன்றை என் சட்டைப்பையில் செருகினாள். தேவாலயத்தில் ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர் என்று சுண்ணாம்பால் குறியிட்டிருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் வெளியே மர நிழலில் நின்றார்கள். முகக்கவசத்தோடு பாடும் பாட்டு அடங்கி ஒலித்தது. ஓலைகளை உயர்த்திய கைகளில் பாதிக்கு மேல் முதியவர்களின் கைகள். போன வருடம் இந்த ஞாயிறு அன்று தேவாலயம் பூட்டியிருந்ததாம். மாமி வீட்டு வாசலிலேயே நின்று ஓலையை உயர்த்தினாராம்.

மதியம் கிளம்ப வேண்டும். பரணிலிருந்து மாமி ஓலைப்பெட்டியில் கருப்பட்டி எடுத்து வைத்தார். நான் இரண்டு கிலோவுக்குப் பணம் நீட்டினேன், வாங்க மறுத்தார். தொழிலுக்குத் தொழில் என்று சொல்லிக் கையில் திணித்தேன். பெட்டி கட்டும்போது பரண் மூலையில் தனியாகக் கறுத்த கட்டிகள் கிடப்பதைப் பார்த்தேன். தையில் கருகிய கருப்பட்டி.

"அதிலும் ஒன்று கொடுங்கள், மாமி."

"அது எதற்கு? கசக்கும்."

"இருக்கட்டும். எங்கள் ஊரில் காட்ட வேண்டும்."

கொஞ்சம் யோசித்து, ஒன்றை எடுத்துத் துடைத்து, தனி ஓலையில் சுற்றிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். கொடுக்கும் முன் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கணம் அப்படியே நின்றார். பிறகு தலையை அசைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"உங்கள் ஊர்ப் பழத்துக்குப் பன்னீர் என்று ஏன் பெயர்?" என்று கேட்டார்.

வாசனையால் வந்த பெயர்தான் என்றேன். பழுத்த தோட்டத்துக்குள் நுழைந்தால் கல்யாண வீட்டில் பன்னீர் தெளித்தது போல இருக்கும்.

"ஆகாரம் சமைக்கிற வாசம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது, மக்களே. கருவாடு தெரிகிறது. நேற்று மல்லிப்பூ தெரிந்த மாதிரி இருந்தது. கருப்பட்டிதான் வர மாட்டேன் என்கிறது. புது வாசம் ஏதாவது பட்டால் மூக்கு விழிக்குமோ என்னவோ. பழம் ஆனால் ஒரு குலை அனுப்பு."

மாசிக் கடைசியில் கவாத்து செய்த தோட்டம் எங்களுடையது. கவாத்து செய்த நாளிலிருந்து 110, 120 நாளில் பழம் ஆகும். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, ஆனியில் என்றேன். பேத்தி குருத்தோலைத் துண்டு ஒன்றில் பேனாவால் 'ஆனி, திராட்சை' என்று எழுதி விடிலிக் கதவில் செருகினாள்.

தோழன் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிவிட்டான். பார்சலில் போட்டால் ஒரே இரவில் வந்துவிடுமே என்றான். பன்னீர்ப் பழத்தைப் பெட்டிக்கு அடியில் போட்டு பஸ் குலுக்கினால் விடியும்போது சாறுதான் வரும். நானே மடியில் வைத்துக் கொண்டுவருகிறேன் என்று மாமியிடம் சொன்னேன்.